தண்ணீருக்கு அடியில் ஒரு மஸ்கெலியா

மலையகத்துக்கு ஏரி பார்க்கப் போகிறவர்களில் பெரும்பாலானோர் நுவரெலியாவோடு திரும்பிவிடுகிறார்கள். கிரகரி வாவியில் படகு, கரையில் குதிரைச் சவாரி, கடையில் ஸ்ட்ரோபெரி, அப்புறம் எல்லோரும் சேர்ந்து ஒரு படம். சிறு பிள்ளைகளோடு போகிறவர்களுக்கு அது நல்ல நாள்தான். ஆனால் ஹட்டனில் இறங்கி டிக்கோயா, நோர்வூட், மஸ்கெலியா என்று போகிற பாதையில் இருக்கும் நீர்த்தேக்கங்களைப் பார்க்காமல் மலையகத்து ஏரிகளைப் பார்த்ததாகச் சொல்ல முடியாது என்பது என் கட்சி. அவற்றையும் வாகனத்தை நிறுத்தி எட்டிப் பார்த்துவிட்டு வருவது போதாது. அந்த மண்ணில் வளர்ந்த ஒருவர் கூட வர வேண்டும். வண்டியில் ஆட்கள் குறைவாக இருக்க வேண்டும். ஒரு முழு நாள் கையில் இருக்க வேண்டும்.

ஏன் என்று கேட்டால், இந்த ஏரிகள் எதுவும் தானாக உண்டானவை அல்ல. கிரகரி வாவியே 1873இல் ஆளுநர் வில்லியம் கிரகரியின் காலத்தில் கட்டியதுதான். காசல்ரீயும் மவுசாக்கலையும் 1960களில் மின்சாரத்துக்காக ஆற்றை மறித்துக் கட்டியவை. கொத்மலை 1985இல் வந்தது. தலவாக்கலையில் இருக்கும் மேல் கொத்மலை 2012இல். ஒவ்வொன்றுக்கும் அடியில் ஏதோ ஒன்று கிடக்கிறது: தேயிலை மலை, வயல், வீதி, கோயில். அது தெரியாமல் பார்த்தாலும் அழகாகத்தான் இருக்கும். தெரிந்து பார்க்கும்போது கண்ணை எடுக்க முடிவதில்லை.

இந்தப் பயணத்துக்கு அம்மாவையும் கூட்டிக்கொண்டு போனேன். அம்மா டிக்கோயாப் பக்கத்துத் தோட்டமொன்றில், லயத்தில் (தொழிலாளர்களுக்கு வரிசையாகக் கட்டிய வீடுகளில்) பிறந்து வளர்ந்தவர். கல்யாணத்துக்குப் பிறகு கொழும்புக்குப் பக்கத்து வத்தளைக்கு வந்து இங்கேயே தங்கிவிட்டார். முதல் நாளே ரயிலில் ஹட்டனுக்குப் போய் இரவு தங்கினோம். ஹட்டன் கடல்மட்டத்திலிருந்து சுமார் 1,270 மீட்டர் உயரம்; விடியற்காலைக் குளிருக்கு வத்தளை உடம்பு பழக ஓர் இரவு வேண்டும். காலையில் கேடிஎச் வேன் வந்தது. யாழ்ப்பாணத்திலிருந்து வந்த ஒரு இளம் தம்பதி, மட்டக்களப்புப் பிள்ளைகள் இரண்டு பேர், குருநாகலில் ஓய்வுபெற்ற சிங்கள ஆசிரியர் ஒருவரும் அவர் மனைவியும், நாங்கள். வழிகாட்டி மஸ்கெலியாத் தோட்டமொன்றைச் சேர்ந்த பையன். அம்மா ஏறின உடனேயே அவனைத் தம்பி என்று கூப்பிட, மாலைக்குள் வேனில் எல்லோருக்கும் அவன் தம்பியாகிவிட்டான். தமிழில் சொல்வதை அப்படியே சிங்களத்திலும் சொல்வான். ஒரு மொழிக்காரருக்குக் கூடுதல், மற்றவருக்குக் குறைவு என்று வைக்கவில்லை. மலையகத்தைச் சுற்றிக் காட்டுகிறவருக்கு வேண்டிய முதல் தகுதி இதுதான் என்று நினைக்கிறேன்.

சில வருடங்களுக்கு முன் ஒரு பெரிய பஸ்ஸில் இதே பாதையில் போயிருக்கிறேன். ஐம்பது பேர். மைக்கில் ஒருவர் பேசிக்கொண்டே வந்தார். காசல்ரீயில் பத்து நிமிடம், இறங்குங்கள், ஏறுங்கள். ஒரு கேள்வி கேட்கக்கூட ஆள் அகப்படவில்லை. இந்த முறை வேன் யாராவது கேட்ட இடத்தில் நின்றது. பெரிய பஸ் திரும்ப முடியாத தோட்டப் பாதைகளிலும் போனது. சிறு குழு என்றால் விலை கொஞ்சம் கூடத்தான். கொடுத்த காசுக்கு இதுதான் பெறுமதி.

காசல்ரீக்கு வந்தபோது தண்ணீரின் மேல் பனிமூட்டம் இன்னும் கலையவில்லை. மலைகளின் நடுப்பகுதி மட்டும் தெரிந்தது. டிக்கோயாவின் வோர்லி தேவாலயம் இந்த ஏரியைப் பார்த்தபடி நிற்கிறது. 1878இல் கட்டியது. கருங்கல் சுவர், சின்ன வாசல், பின்பக்கம் கல்லறைகள். ஆங்கிலத் துரைமாரும் அவர்கள் குடும்பத்தாரும் புதைக்கப்பட்ட இடம். ஒவ்வொரு கல்லிலும் பெயர், பிறந்த ஊர், இறந்த தேதி. யாழ்ப்பாணத்துப் பையன் ஒவ்வொன்றாக வாசித்துக்கொண்டே போனான்.

"இந்தப் பக்கம் துரைமாருக்குக் கல்லு இருக்குங்க. நம்ம ஆளுங்களுக்கு அந்தா, தேயிலைதான் கல்லு" என்றான் தம்பி. காட்டை வெட்டிக் கோப்பி போட்டவர்களும், 1869க்குப் பிறகு கோப்பி நோயில் அழியத் தேயிலை நட்டவர்களும் தோட்டத்துக்குள்ளேயே புதைக்கப்பட்டார்கள். அவர்களில் பெரும்பாலோருக்குப் பெயர் எழுதிய கல் கிடையாது. 2023இல் மலையகத் தமிழர் வந்து இருநூறு ஆண்டு என்று தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை நடந்தார்களே, அந்த நடைபயணத்தின் காரணம் இந்தக் கல்லறைத் தோட்டத்தில் நின்றால் நன்றாகவே விளங்கும்.

இங்கே இன்னொரு செய்தியையும் சொல்ல வேண்டும். புகைப்படக் கலையின் ஆரம்ப காலத்துப் பெரும் பெயர்களில் ஒருவரான ஜூலியா மார்கரெட் கேமரன் 1879இல் இந்த டிக்கோயாப் பள்ளத்தாக்கில்தான் இறந்தார். அவருடைய கல்லறை பக்கத்தில் பொகவந்தலாவையில் இருக்கிறது. இலங்கையில் வாழ்ந்த கடைசி ஆண்டுகளில் இங்குள்ள எளிய மக்களையும் அவர் படம் எடுத்திருக்கிறார். அந்தப் படங்களில் இருக்கும் முகங்கள் பலவற்றுக்கு இன்றுவரை பெயர் தெரியாது.

இதைச் சொல்லிவிட்டுத்தான் தம்பி தன்னுடைய விதியைச் சொன்னான். கொழுந்து எடுக்கிறவர்களைக் கேட்காமல் படம் எடுக்கக்கூடாது. கேட்டு, அவர்கள் சரி என்றால், பெயரையும் கேட்டுக்கொள்ள வேண்டும். கூட்டத்தில் ஒருவரும் முகம் சுளிக்கவில்லை. நோர்வூட்டுக்கு முன் ஒரு வளைவில் பெண்கள் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தார்கள். இடுப்பில் படங்கு, தலையிலிருந்து முதுகுக்குத் தொங்கும் பை. ஒரு அக்கா பேசிக்கொண்டே எடுத்தார். கண் எங்கள் மேல் இருந்தது. கை செடியின் மேல் இருந்தது. இரண்டு இலையும் ஒரு மொட்டும் மட்டும் விரலுக்குள் வர, முற்றின இலை செடியிலேயே நின்றது. விரல் நுனிகள் சாயம் ஏறிக் கறுத்திருந்தன. ஆட்காட்டி விரலில் வெடிப்பு. "இன்னைக்குக் கொழுந்து கம்மி. கிலோ பத்தலைன்னா அரைப் பேருதான்" என்றார். அரைப் பேர் என்றால் அன்றைக்குப் பாதிச் சம்பளம். மட்டக்களப்புப் பிள்ளைகள் அந்தச் சொல்லை அன்றுதான் கேட்டார்கள். அதைக் கேட்ட பிறகு அவரை நிறுத்தி வைத்துப் பேச யாருக்கும் மனம் வரவில்லை. கும்பிட்டுவிட்டு வேனுக்கு வந்தோம்.

காசல்ரீ நிரம்பியதை அம்மா நேரில் பார்த்தவர். அப்போது அவருக்குப் பத்து வயது இருக்கும். தாத்தா வேலை செய்த தோட்டத்தின் கீழ்மலை மெல்ல மெல்லத் தண்ணீருக்குள் போனதாம். முதலில் ஆற்றோரத்து மூங்கில், அப்புறம் கடைசி வரிசைத் தேயிலை, அப்புறம் அதற்கு மேல் வரிசை. பள்ளிக்கூடம் விட்டு வந்து பிள்ளைகளெல்லாம் இன்றைக்கு எத்தனை வரிசை போயிருக்கிறது என்று எண்ணுவார்களாம். "மொதல்ல எங்களுக்கு வெளையாட்டா இருந்துச்சு. அப்பா மட்டும் ஒண்ணும் பேசாம பார்த்துக்கிட்டே நின்னாரு. அந்த மலையில கவ்வாத்து வெட்டினவரு இல்லையா" என்றார் அம்மா. வேனில் எல்லோரும் கேட்டுக்கொண்டிருந்தார்கள். குருநாகல் ஆசிரியருக்குத் தம்பி சிங்களத்தில் சொன்னான். அவர் கொத்மலையில் தன் மனைவியின் சொந்தக்காரர்களுக்கு நடந்ததை எடுத்தார். அங்கேயும் கிராமங்களும் விகாரையும் தண்ணீருக்குள். நீர் இறங்கும் காலத்தில் கடதொர விகாரை வெளியே தெரியும். அந்த அரைமணி நேரம் அம்மாவும் அந்த ஆசிரியரின் மனைவியும், தம்பியின் வாய் வழியாக, தங்கள் தங்கள் ஊர் முங்கிய கதையை மாறி மாறிச் சொல்லிக்கொண்டு வந்தார்கள். ஐம்பது பேர் பஸ்ஸில் இது நடக்கவே நடக்காது.

மவுசாக்கலை காசல்ரீயை விடக் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு தண்ணீர் பிடிக்கும். மஸ்கெலியா ஓயாவை மறித்தது. மஸ்கெலியா டவுனுக்கு வந்ததும் தம்பி எங்களை ஏரிப் பக்கம் கூட்டிப்போய்க் கையை நீட்டினான். "இப்ப நாம நிக்கிறது மஸ்கெலியா. பழைய மஸ்கெலியா அந்தா, அங்கன இருக்கு."

அணை கட்டியபோது பழைய நகரம் முழுக்க முங்கியது. கடைத்தெரு, இந்துக் கோயில், விகாரை, பள்ளிவாசல் எல்லாம் அங்கே இருந்தன. மக்களை மேலே கொண்டுவந்து குடியமர்த்திய இடம்தான் இன்றைய மஸ்கெலியா. வறட்சிக் காலத்தில் நீர்மட்டம் நன்றாக இறங்கினால் அந்தப் பழைய கட்டடங்களின் மிச்சங்கள் வெளியே வரும். ஊர் மக்கள் இறங்கிப்போய்ப் பார்ப்பார்கள். விளக்கு வைப்பவர்களும் உண்டு. நாங்கள் போனது அப்படி ஒரு காலம். கரையிலிருந்து கீழே செம்மண் வெடித்துக் கிடந்தது. அதில் வரிசை வரிசையாகக் கறுத்த தேயிலைக் கட்டைகள், இலையில்லாமல், நட்டபடியே. அரை நூற்றாண்டுக்கு மேல் தண்ணீரில் கிடந்தும் வரிசை கலையவில்லை. ஒரு கட்டையை அம்மா தொட்டுப் பார்த்தார். மேலே சேறு காய்ந்து சாம்பல் நிறமாக உதிர்ந்தது, உள்ளே மரம் கல்லாக இறுகியிருந்தது. கவ்வாத்து வெட்டின வாய்கூடத் தெரிந்தது.

தம்பி முன்னால் கம்பை ஊன்றி ஊன்றிப் போனான். மேலே காய்ந்த மாதிரி இருக்கும் சேறு முழங்கால் வரை இழுத்துவிடும். அவன் கால் வைத்த இடத்தில்தான் நாங்கள் வைக்க வேண்டும் என்று கண்டிப்பாகச் சொல்லியிருந்தான். ஓர் இடத்துக்கு மேல் யாரையும் விடவில்லை. அங்கிருந்தே கோயிலின் அடித்தளமும் ஒரு துண்டுச் சுவரும் தெரிந்தன.

அம்மாவுக்கு அந்தக் கோயிலைத் தெரியும். அவருடைய சின்னம்மா மஸ்கெலியாவில் இருந்தார். திருவிழாவுக்கு டிக்கோயாவிலிருந்து நடந்தும் லொறியிலும் வந்திருக்கிறார். தீபாவளிச் சட்டை எடுத்ததும் இந்தப் பழைய கடைத்தெருவில்தான். அந்தச் சின்னம்மாவின் மகள், எனக்குப் பெரியம்மா, மலையகத் தமிழரில் ஒரு பகுதியினரை இந்தியாவுக்கு அனுப்ப இரு நாட்டுப் பிரதமர்களும் 1964இல் செய்த சிறிமா சாஸ்திரி ஒப்பந்தத்தில் போக வேண்டியவர்களில் ஒருவர். எழுபதுகளில் கப்பலேறியவர் இன்றும் கோத்தகிரியில் இருக்கிறார். அங்கேயும் தேயிலைதான். அம்மா கையில் போனை வாங்கி அந்தச் சேற்றுக்கு நடுவில் நின்றபடியே வீடியோ கோல் எடுத்தார். சிக்னல் வந்து வந்து போனது. "அக்கா, கோயிலு தெரியுது பாரு. இந்தப் பக்கம் நம்ம துணிக்கடை இருந்துச்சே." அந்தப் பக்கத்திலிருந்து பெரியம்மா, "அது துணிக்கடை இல்லடி, சைக்கிள் கடை. துணிக்கடை கோயிலுக்குப் பின்னால" என்றார். இரண்டு பேரும் அந்த வெறும் மண்ணில் ஒவ்வொரு கடையாகக் கட்டிக்கொண்டே போனார்கள். நாங்கள் எல்லோரும் சுற்றி நின்றோம். அவசரப்படுத்த ஒருவருக்கும் தோன்றவில்லை.

சாப்பாடு தம்பியின் வீட்டில். வாழையிலையில் சோறு, பருப்பு, கருவாட்டுத் தொக்கு, கீரை. சாப்பிட்ட பிறகு வெறும் தேத்தண்ணியும் கடிக்கச் சீனியும். அவன் அம்மாவும் பக்கத்து வீட்டு அக்காவும் சமைத்திருந்தார்கள். காசு நேரே அவர்கள் கைக்குப் போனது. ஏரியைச் சுற்றிப் பழைய துரை பங்களாக்கள் பல இன்று விலை உயர்ந்த தங்குமிடங்களாகிவிட்டன. அங்கே ஓர் இரவுக்குக் கொடுப்பது ஒரு தொழிலாளியின் பல மாதச் சம்பளம். அந்தப் பணத்தில் தோட்டத்துக்குள் தங்குவது எவ்வளவு என்பதுதான் என் கேள்வி. தோட்டத்துப் பிள்ளைகள் வழிகாட்டிகளாக வருவதும், சாப்பாடு லயத்து அடுப்பில் வேகுவதும் எனக்கு முக்கியமாகப் படுவது அதனால்தான். பதிவு செய்யும்போதே வழிகாட்டி எந்த ஊர், சாப்பாடு எங்கே என்று கேளுங்கள்.

பிற்பகல் மலைப்பாதையில் நோர்ட்டன்பிரிட்ஜுக்குப் போனோம். வானம் வெளித்திருந்ததால் வழியில் சிவனொளிபாத மலை முழுதாகத் தெரிந்தது.

இந்த ஏரிகள் ஒன்றோடொன்று எப்படி இணைகின்றன என்று கேட்டுத் தெரிந்துகொள்ளாமல் யாரும் திரும்பக்கூடாது. காசல்ரீத் தண்ணீர் மலைக்குள் குடைந்த சுரங்கம் வழியாக விமலசுரேந்திர மின்நிலையத்துக்கு வருகிறது. சுழற்றிவிட்டு நோர்ட்டன் குளத்தில் விழுகிறது. அங்கிருந்து மறுபடியும் சுரங்கம், பழைய லக்சபான மின்நிலையம். மவுசாக்கலைத் தண்ணீர் தன் வழியில் கெனியன், புதிய லக்சபான என்று இறங்கி வருகிறது. இரண்டு வழியும் லக்சபானக் குளத்தில் சேர்ந்து, பொல்பிட்டியவில் இன்னொரு முறை மின்சாரம் கொடுத்துவிட்டுக் களனி ஆறாகப் போகிறது. ஒரே தண்ணீர் மூன்று தரமாவது வேலை செய்கிறது. கொழும்புக்குக் குடிநீர் எடுக்கும் அம்பத்தலேயும் இதே களனிக் கரையில்தான். வத்தளையில் எங்கள் வீட்டிலிருந்து கொஞ்சத் தூரத்தில் ஓடும் ஆறும் இதுவே. அம்மா பிறந்த ஊர்த் தண்ணீர் அவர் குடியேறிய ஊருக்கு இத்தனை காலமாக வந்துகொண்டே இருக்கிறது.

இந்த மலைநீரில் மின்சாரம் எடுக்கலாம் என்று கணக்குப் போட்டுக் காட்டியவர் பொறியியலாளர் டி. ஜே. விமலசுரேந்திர. 1918இல் அதை ஆய்வுரையாகவே வைத்தார். லக்சபான முதல் கட்டம் ஓடத் தொடங்கியது 1950இல். மூன்று வருடத்தில் அவர் இறந்துவிட்டார். நோர்ட்டனில் நின்று அந்த ஆண்டுகளைத் தம்பி சொன்னபோது அம்மா வேறொரு கணக்குச் சொன்னார்: கம்பிகள் லயத்துக் கூரைக்கு மேலே போயின, லயத்துக்குள் குப்பி விளக்குத்தான் எரிந்தது. அம்மா படித்ததெல்லாம் அந்த வெளிச்சத்தில். தோட்டத்து லயங்களுக்கு மின்சாரம் வந்து சேர வெகு காலமானது. இந்த உண்மை அந்த மின்நிலைய வாசலில் ஒரு பலகையிலாவது இருக்க வேண்டும் என்று நான் மனதார விரும்புகிறேன்.

நோர்ட்டனுக்கு மேலே ஏழு கன்னியர் மலை நிற்கிறது. 1974 டிசம்பர் 4 இரவு, இந்தோனேசியாவிலிருந்து ஹஜ் யாத்திரிகர்களை ஏற்றிக்கொண்டு கொழும்பில் இறங்க வந்த விமானம் இந்த மலையில் மோதி 191 பேரும் இறந்தார்கள். அதற்கு இங்கே நினைவுச் சின்னம் உண்டு. மட்டக்களப்புப் பிள்ளைகளில் ஒருத்தி அங்கே நின்று துஆ ஓதினாள். நாங்கள் காத்திருந்தோம்.

போக நினைக்கிறவர்களுக்குச் சில விஷயங்கள். ஜனவரி முதல் மார்ச் வரை வானம் தெளிவாக இருக்கும். மே முதல் தென்மேற்குப் பருவமழை. ஏரி நிரம்பி வான் பாயும் காட்சி வேண்டுமென்றால் அப்போது போகலாம், ஆனால் மண்சரிவு எச்சரிக்கை இருந்தால் பயணத்தைத் தள்ளிப்போடுங்கள். பழைய மஸ்கெலியாவைப் பார்க்க வேண்டுமென்றால் முன்கூட்டியே சொல்லுங்கள். நீர்மட்டம் பார்த்து வழிகாட்டி நாள் சொல்வார். அணைக்கட்டுகளில் காவல் உண்டு, கேட்டுவிட்டுத்தான் படம். படகில் ஏறினால் லைஃப் ஜாக்கெட் போடாமல் ஏறாதீர்கள். அட்டைக்கு நீளக் காலுறையும் கொஞ்சம் உப்பும். வயதான அம்மா அப்பாவை, முக்கியமாக அந்தப் பக்கத்தில் பிறந்தவர்களை, முடிந்தால் கூட்டிக்கொண்டு போங்கள். வழிகாட்டிக்கே தெரியாத விஷயங்கள் அவர்களிடம் இருக்கும்.

துணிக்கடை விவகாரம் இன்னும் முடியவில்லை. அம்மா தம்பிக்கு வாட்ஸ்அப்பில் கேட்டு அனுப்ப, அவன் தன் தோட்டத்துத் தாத்தா ஒருவரிடம் பதில் வாங்கிக் குரலாகவே அனுப்பியிருக்கிறான். துணிக்கடை கோயிலுக்குப் பின்னாலும் இல்லையாம், முன்னாலும் இல்லையாம், பள்ளிவாசல் பக்கமாம். பெரியம்மா அதைக் கேட்டுவிட்டு, அந்தத் தாத்தாவோடு நேரில் பேச வேண்டும், நம்பரைக் கொடு என்கிறார்.